துள்ளாமல் ஊரும் டேங்க்: 1/16 ரிமோட் மாடலின் குறைவேகத்தைச் சரிசெய்வது

புது ரிமோட் டேங்கை டப்பாவிலிருந்து எடுத்துத் தரையில் விட்டால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஸ்டிக்கைக் கொஞ்சம் தள்ளினால் அசையாது, மோட்டார் மட்டும் முனகும். இன்னும் ஒரு நூல் தள்ளினால் விருட்டென்று பாயும். ஐம்பது டன் இரும்பு நகர்வதுபோல இருக்கவேண்டியது, சாவி கொடுத்த தகரப் பொம்மைபோல ஓடும். உடனே எல்லோருக்கும் தோன்றுவது, ‘பெரிய மோட்டார் போட்டால் சரியாகிவிடும்’ என்பது. ஆகாது. பல நேரம் இன்னும் மோசமாகும். குறைவேகக் கோளாறில் முதல் குற்றவாளி உராய்வு. அடுத்தது கியர் விகிதம். மோட்டாரும் எலெக்ட்ரானிக்ஸும் அதற்கப்புறம்தான். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் காசுதான் போகும், துள்ளல் போகாது.

இங்கே சொல்வதெல்லாம் ஹெங் லாங், டைஜென் கம்பெனி வகை 1/16 டேங்குகளை மனதில் வைத்து. ஒரு பக்கத்துக்கு ஒரு கியர்பாக்ஸ், ஒவ்வொன்றிலும் ஒரு 380 அல்லது 390 பிரஷ் மோட்டார், 7.4 வோல்ட் பேட்டரி. சின்ன அளவு மாடல்களுக்கும் முறை இதேதான், எண்கள்தான் மாறும்.

எவ்வளவு மெதுவாக?

நிஜ டேங்கின் வேகத்தை 16-ஆல் வகுத்தால் மாடல் போகவேண்டிய வேகம். அதற்கு ஒரு குறுக்குக் கணக்கு உண்டு. 288 என்ற எண்ணை நிஜ டேங்கின் வேகத்தால், அதாவது மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற எண்ணால் வகுங்கள். மாடல் 5 மீட்டர் கடக்க எத்தனை நொடி ஆகவேண்டும் என்று கிடைக்கும். டைகர் 1 சாலையில் முழுவேகமாக 38 கி.மீ. போனது, ஆக 7.6 நொடி. டி-34க்கு 53 கி.மீ. என்று வைத்தால் 5.4 நொடி. நம் ஆவடியில் செய்த அர்ஜுன் 70 கி.மீ. போகும், 4.1 நொடி. ஸ்டிக்கை முழுக்கத் தள்ளும்போது இதைவிட வேகமாக ஓடினால், அந்த டேங்குக்கு கியர் விகிதம் போதவில்லை என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அது மேல்வரம்பு. நமக்கு வேண்டியது கீழ்வரம்பு. டேங்கோடு சேர்ந்து நடக்கும் காலாட்படை வீரனின் நடை மணிக்கு 5 கி.மீ. அளவு. மாடலில் அது 1 மீட்டருக்கு 12 நொடி. வீட்டில் இரண்டடி டைல்ஸ் போட்டிருந்தால் ஒரு டைல்ஸைக் கடக்க ஏழு நொடிக்குக் கொஞ்சம் மேல். நிற்காமல், திக்காமல், இரண்டு பக்கமும் ஒன்றாக இந்த நடையில் நகர்ந்தால் வேலை முடிந்தது. இதைத்தான் ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் சோதிக்கப்போகிறோம்.

எதையும் கழற்றுவதற்கு முன்

டேங்கை வழவழப்பான தரையில் விட்டு முடிந்தவரை மெதுவாக ஓட்டுங்கள். ட்ராக்கில், அதாவது சங்கிலிப் பட்டையில், ஒரு கண்ணியில் சாக்பீஸ் கோடு, அதை இழுத்து ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லில் இன்னொரு கோடு. இப்போது எந்தத் தாளத்தில் திக்குகிறது என்று பாருங்கள். கோளாறு எங்கே என்பதை அந்தத் தாளமே சொல்லிவிடும்.

ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் ஒருமுறை திக்கினால், ஸ்ப்ராக்கெட் நடுப்பிசகி உட்கார்ந்திருக்கிறது, இல்லையென்றால் கடைசி ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. ட்ராக் முழுச்சுற்று வந்தால் மட்டும் திக்கினால் ஒரே ஒரு கண்ணியில் பின் இறுகியிருக்கிறது. அதைவிட அடிக்கடி, கடகடவென்று திக்கினால் கியர்பாக்ஸின் உள்கியர்கள். தாளமே இல்லாமல் நின்று நின்று போனால் எலெக்ட்ரானிக்ஸ் அல்லது தளர்ந்த கனெக்டர். எந்தப் பக்கம் முதலில் நிற்கிறது என்பதையும் எழுதிவையுங்கள். இந்தப் பத்து நிமிடம் பார்க்காமல் நேராகத் திருப்புளியை எடுப்பவர்கள்தான் நல்ல பக்கத்தைப் பிரித்துக் கெடுப்பவர்கள்.

சக்கரமும் ட்ராக்கும்

ட்ராக் இரண்டையும் கழற்றிவிடுங்கள். ஒரு மீட்டர் நீளப் பலகையில் டேங்கை வைத்து ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். ஐந்தாறு சென்டிமீட்டர் தூக்குவதற்குள் தானாக உருள வேண்டும். பத்துக்கு மேல் போயும் நிற்கிறது என்றால் தரைச்சக்கரங்களில் பிடிமானம் இருக்கிறது. ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பாருங்கள். தலைமுடி, தேங்காய் நார், பாய்க் கோரை என்று வீட்டுக் கூட்டலில் கிடப்பதெல்லாம் சக்கர அச்சில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். ஊசியால் இழுத்து எடுத்தாலே பாதிச் சக்கரங்கள் விடுபடும். திருகை அளவுக்கு மீறி முடுக்கிச் சக்கரத்தை நெருக்கிவைத்திருப்பதும் புது டேங்குகளில் சகஜம். கால் சுற்றுத் தளர்த்துங்கள். அச்சுக்கு ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் போதும். வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஓட்டத்திலேயே புழுதி அப்பிக்கொள்ளும்.

பிறகு ட்ராக்கின் இழுவிசை. புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். தொய்ந்த ட்ராக் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் வீணைக் கம்பிபோல முறுக்கிவிடுகிறார்கள். முறுக்கிய ட்ராக் ஸ்ப்ராக்கெட், ஐட்லர் (மறுமுனையில் ட்ராக் சுற்றிவரும் சக்கரம்) இரண்டின் அச்சையும் பக்கவாட்டில் இழுத்து, அச்சைத் தாங்கும் வளையமான புஷ்ஷோடு அழுத்துகிறது. மோட்டார் முதலில் அந்த அழுத்தத்தைத்தான் வெல்லவேண்டியிருக்கிறது. டேங்கை நகர்த்துவது அப்புறம். மேல் ஓட்டத்தின் நடுவில் ட்ராக்கை இரண்டு விரலால் தூக்கினால் 5 முதல் 8 மி.மீ. எழும்பவேண்டும். டைகர், பாந்தர், டி-34 போல மேலே தாங்கும் உருளை இல்லாத டேங்குகளில் ட்ராக் தரைச்சக்கரங்களின் தலையில் படிந்து கிடக்கவேண்டும். நிஜத்திலும் அப்படித்தான் இருந்தது, பார்க்கவும் அதுதான் அழகு. ஐட்லர் அட்ஜஸ்ட்மெண்ட் இல்லாத மாடலில் ஒரு கண்ணியைச் சேர்ப்பதோ எடுப்பதோதான் வழி.

உலோக ட்ராக் என்றால் எல்லாக் கண்ணியையும் கையால் மடக்கிப் பாருங்கள். தொங்கவிட்டால் கயிறுபோலத் தொங்கவேண்டும். எங்காவது முழங்கைபோல மடங்கி நின்றால் அந்தப் பின்னை வெளியே தட்டி, எமரி பேப்பரில் நாலு இழுப்பு இழுத்துத் திரும்பப் போடுங்கள்.

கியர்பாக்ஸ்: நேரம் செலவழிக்கவேண்டிய இடம்

கியர்பாக்ஸை டேங்கிலிருந்து கழற்றி, மோட்டாரையும் எடுத்துவிட்டு, ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். முழுச்சுற்றும் ஒரே கனமாக இருக்கவேண்டும். ஓரிடத்தில் லேசாக, ஓரிடத்தில் கடினமாக இருந்தால் ஏதோ ஒரு கியர் நடுப்பிசகியிருக்கிறது; எந்தக் கியர் என்பதை ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டும்.

ஆலையிலிருந்து வரும் கிரீஸ் இரண்டில் ஒன்றாக இருக்கும். மெழுகுபோலக் கெட்டியாக அள்ளி அப்பியிருப்பார்கள், அல்லது பேருக்குத் தொட்டுவைத்திருப்பார்கள். கெட்டி கிரீஸ் குறைவேகத்தில் பிரேக்போல வேலை செய்யும். இரும்புக் கியர்களை கெரசினில் ஊறவைத்துக் கழுவலாம். பிளாஸ்டிக் பாகங்களுக்கு சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். காயவைத்த பிறகு ஒவ்வொரு கியருக்கும் ஓர் அரிசி அளவு கிரீஸ் வைத்துச் சுற்றினால் பல்லெங்கும் பரவிவிடும். பிளாஸ்டிக் கியருக்கு சிலிக்கான் கிரீஸ்தான் பத்திரம். வண்டிக்குப் போடும் கிரீஸை இதற்குப் போடாதீர்கள்.

பற்பசை தடவிக் கியரை ஓடவிட்டால் பல் வழவழப்பாகும் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. வழவழப்பாவது உண்மைதான். ஆனால் புஷ்ஷுக்குள் புகுந்த தூளை முழுதாகக் கழுவி எடுப்பது நடக்காத காரியம். ஷாஃப்ட் துளை பெரிதாகிக் கியர் ஆட ஆரம்பிக்கும். வேண்டாம்.

அடுத்து பினியன், அதாவது மோட்டார் ஷாஃப்ட்டில் இருக்கும் சின்னக் கியரின் இடைவெளி. மோட்டாரைத் திரும்பப் பொருத்தும்போது பினியனுக்கும் அது கடிக்கும் கியருக்கும் நடுவே நோட்டுப் பேப்பர் துண்டு ஒன்றை வைத்து, மோட்டாரை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகை முடுக்குங்கள். பிறகு கியரைச் சுற்றி பேப்பரை வெளியே எடுங்கள். பேப்பரில் மடிப்பு மடிப்பாகப் பல் தடம் விழுந்திருக்கவேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. கிழிந்தால் இறுக்கம், அந்த இறுக்கமே தொடக்கத் துள்ளலுக்குப் பாதிக் காரணம். தடம் மங்கலாக இருந்தால் இடைவெளி அதிகம். கியர் கரகரவென்று இரைந்து பல் தேயும். மோட்டாரின் இடம் நிரந்தரமாக இருக்கும் கியர்பாக்ஸ்களில் இதைச் செய்யமுடியாது, அங்கே பினியன் ஷாஃப்ட்டில் நேராக ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஷாஃப்ட்களுக்குப் பக்கவாட்டு ஆட்டம் 0.2, 0.3 மி.மீ. இருக்கட்டும். ஆட்டமே இல்லாமல் மூடியை முடுக்கினால் கியர்கள் சுவரோடு உரசும். அதிகம் ஆடினால் ஷிம் வாஷர் வேண்டும்; கிடைக்காவிட்டால் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் பிளாஸ்டிக்கை வட்டமாக வெட்டிப் போடலாம், நன்றாகவே உழைக்கும். கடைசி ஷாஃப்ட்டில் வெறும் பித்தளை புஷ் இருந்தால் அதே அளவு பால் பேரிங்குக்கு மாற்றுவது நல்ல செலவு. ட்ராக்கின் இழுவை முழுதும் விழுவது அந்த இடத்தில்தான். கடைக்குப் போகும்போது வெர்னியரில் அளந்த மூன்று எண்களோடு போங்கள்: உள்வட்டம், வெளிவட்டம், தடிமன்.

விகிதக் கணக்கு

டைஜென் போன்ற கியர்பாக்ஸ்களில் 3:1, 4:1, 5:1 என்று போட்டிருக்கும். அது மொத்த விகிதம் அல்ல, மொத்தம் அதைவிடப் பல மடங்கு. ஆனால் ஒப்பிட உதவும்: எண் பெரிதாக ஆக டேங்க் மெதுவாகும், இழுவை கூடும். மொத்தம் எவ்வளவு வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம். உதாரணத்துக்கு, ஸ்ப்ராக்கெட்டின் விட்டம் 52 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு டேங்க் 163 மி.மீ. நகரும். டைகர் நொடிக்கு 66 செ.மீ. போகவேண்டும், ஆக ஸ்ப்ராக்கெட் நொடிக்கு 4 சுற்று, நிமிடத்துக்கு 240 சுற்று. சுமையோடு மோட்டார் நிமிடத்துக்கு 15,000 சுற்று சுற்றினால் மொத்த விகிதம் ஏறக்குறைய 60:1 இருக்கவேண்டும். உங்கள் கியர்பாக்ஸில் 30:1தான் இருக்கிறது என்றால், ஸ்டிக்கின் கீழ்ப்பாதியை மட்டுமே வைத்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள். அந்தப் பாதியில்தான் கட்டுப்பாடே கிடையாது.

11.1 வோல்ட் பேட்டரி போட்டால் இழுவை கூடும் என்று சிலர் சொல்வார்கள். முழு ஸ்டிக்கில் கூடும். மெதுவாக ஊர்வதற்கு அது எதிரி: ஸ்டிக்கின் ஒவ்வொரு நூலும் ஒன்றரை மடங்கு வேகமாகிவிடுகிறது. நிமிடச் சுற்று குறைவான 390 மோட்டாரும் 5:1 கியர்பாக்ஸும் 7.4 வோல்ட்டில் தருவதை எந்தப் பெரிய பேட்டரியும் தராது.

மோட்டார்

புது மோட்டாரின் கார்பன் பிரஷ் தட்டையாக இருக்கும், அது தொடும் கம்யூட்டேட்டர் உருண்டை. வளைவு படியும்வரை மின்சாரம் ஒரே சீராகப் போகாது. இரண்டு டார்ச் செல்லைத் தொடராக இணைத்து, சுமை இல்லாமல், அரை மணி நேரம் ஓடவிடுங்கள். டேங்கில் அந்த மோட்டார் எந்தத் திசையில் அதிகம் சுற்றுமோ அந்தத் திசையில்.

திசையைப் பற்றி இன்னொன்று. டேங்கில் இடது வலது மோட்டார்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. ரேஸ் காருக்கான மோட்டார்களில் டைமிங்கை ஒரு திசைக்குச் சாதகமாகத் தள்ளிவைத்திருப்பார்கள். அதை டேங்கில் போட்டால் ஒரு பக்கம் எப்போதும் முந்தும், டேங்க் கோணிக்கொண்டு போகும், ரிமோட்டில் எவ்வளவு ட்ரிம் செய்தாலும் எல்லா வேகத்திலும் சரியாகாது. நியூட்ரல் டைமிங் மோட்டார்தான் வேண்டும், அதுவும் ஜோடியாக.

ஒவ்வொரு மோட்டாருக்கும் மூன்று ‘104’ செராமிக் கெப்பாசிட்டர்: ஒன்று இரண்டு முனைகளுக்கும் நடுவே, மற்ற இரண்டும் ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உடம்புக்கு. உடம்பில் ஈயம் ஒட்டவேண்டுமானால் முதலில் எமரியால் சுரண்டவேண்டும். இவை இல்லாவிட்டால் பிரஷ்ஷின் தீப்பொறி இரைச்சல் ரிசீவருக்குப் போய், மெதுவாகப் போகும்போது டேங்க் வெட்டி வெட்டி இழுக்கும். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு கைப்பிடி வாங்கினாலும் டீச்செலவுதான். அதற்காகப் பெரிய கெப்பாசிட்டராகப் போடாதீர்கள். வேகமாகத் துடிக்கும் இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) சூடேறிவிடும்.

மல்ட்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, ட்ராக் இல்லாமல், ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்று அளந்து எழுதுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டு பக்கமும் எவ்வளவு வேறுபடுகிறது என்பதுதான் முக்கியம். ஒரு பக்கம் கால்பங்குக்கு மேல் கூடுதலாக எடுத்தால் அந்தப் பக்கக் கியர்பாக்ஸைத் திரும்பப் பிரிக்கவேண்டியதுதான். எலெக்ட்ரானிக்ஸால் அதை மறைக்கமுடியாது.

துடிப்பும் உந்தலும்

சித்திரைத் தேரை நிலையிலிருந்து கிளப்ப எவ்வளவு ஆள் வேண்டும், மாசி வீதியில் உருள ஆரம்பித்தபின் எவ்வளவு வேண்டும், முனையில் திருப்பும்போது எவ்வளவு வேண்டும் என்று பார்த்தவர்களுக்கு அடுத்த பகுதியை விளக்கவே தேவையில்லை. நிற்பதைக் கிளப்புவதற்கு வேண்டிய விசை, நகர்வதைத் தொடர்வதற்கு வேண்டியதைவிட அதிகம். எல்லாவற்றையும்விட அதிகம் திரும்புவதற்கு. மோட்டார் 20 சதவீதத்தில் கிளம்பி, 14 சதவீதத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். நாம் 20-ஐக் கொடுத்துக் கிளப்பும் கணத்தில் அது 20-க்கான வேகத்துக்குத் தாவிவிடுகிறது. அதுதான் துள்ளல்.

இஎஸ்சி மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்பாகத்தான் தருகிறது. துடிப்பு நொடிக்கு நூற்றுச் சொச்சம் என்றால் ஒவ்வொரு துடிப்பிலும் கரண்ட் மேலே ஏறி, மோட்டாரைத் தட்டித் தட்டிக் கிளப்பும். உராய்வு எளிதில் உடையும், மோட்டார் உறுமும், கொஞ்சம் சூடாகும். ஆயிரக்கணக்கில் துடித்தால் அந்த உறுமல் இருக்காது, ஆனால் குறைந்த ஸ்டிக்கில் கரண்ட் ஏறுவதற்குள் துடிப்பு முடிந்துவிடும். டேங்குக்கு முதல் வகைதான் ஏற்றது. உறுமலை இன்ஜின் சத்தம் மூடிக்கொள்ளும்.

சொந்தமாக ஆர்டுயினோ ஊனோ என்ற கன்ட்ரோலர் போர்டில் கட்டுகிறவர்கள் கவனிக்க: 9, 10-ம் பின்களில் துடிப்பு 490 ஹெர்ட்ஸ். ப்ரீஸ்கேலரை, அதாவது துடிப்பைக் குறைக்கும் வகு எண்ணை, 64-லிருந்து 256-ஆக்கினால் 122 ஹெர்ட்ஸ். ஆனால் சர்வோ லைப்ரரி பயன்படுத்தினால் அந்த இரண்டு பின்னிலும் துடிப்பே வராது. அப்போது 3, 11-க்கு மாறுங்கள், அங்கேயும் 256 வைத்தால் அதே 122. 5, 6-ஐத் தொடாதீர்கள், நேரக் கணக்கெல்லாம் குழம்பிவிடும். மோட்டாருக்கு மின்சாரம் தரும் டிரைவர் போர்டுக்கு எல்298 வாங்காதீர்கள். விலை மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் வரும் 7.4 வோல்ட்டில் 2 வோல்ட் அளவுக்குத் தானே விழுங்கிவிடும். பிடிஎஸ்7960 வேண்டும், ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. புரோகிராமில் ஸ்டிக் நடுவை விட்டு நகர்ந்ததும் 50, 60 மில்லிநொடிக்கு ஓர் உந்தல், உடனே கீழ்வரம்புக்கு இறக்கம். உந்தல் எண்ணையும் கீழ்வரம்பையும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக அளந்து வையுங்கள்.

கம்பெனி போர்டோடு ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் கைக்கு எட்டாது. அவர்கள் ஸ்டிக்கின் நடுவைச் சரிபார்த்து, சக்கரம்-ட்ராக், கியர்பாக்ஸ், விகிதம், மோட்டார் என்ற முதல் நான்கு வேலைகளைச் செய்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். தனி ரிசீவரும் இஎஸ்சியும் வைத்திருந்தால் ரிமோட்டில் எக்ஸ்போவை, அதாவது ஸ்டிக்கின் நடுப்பகுதியை மந்தமாக்கும் வசதியை, ஏற்றும் ஆசை வரும். எச்சரிக்கை: நடுவில் அசைவே இல்லாத இடம் பெரிதாக இருக்கும்போது எக்ஸ்போ போட்டால் அந்த இடம் இன்னும் பெரிதாகும். முதலில் கர்வ் வசதியில், நடுவை விட்டதும் டேங்க் நகரத் தொடங்கும் எண்ணுக்கே தாவும்படி வையுங்கள். எக்ஸ்போ அதற்குப் பிறகு, 20, 30 சதவீதம் போதும்.

எல்லாம் செய்தும் திரும்பும்போது நின்றால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். நின்ற இடத்தில் சுழலவிட்டு, போர்டின் முனையில் வோல்ட் அளங்கள். 6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி கிழடு, அல்லது வெள்ளைக் கனெக்டர் தளர்ந்து சூடாகிறது.

தரை

டைல்ஸில் தேறிய டேங்கை மண்ணில் சோதிக்க அழகர்கோவில், மேலூர்ப் பக்கத்துச் செம்மண் நல்ல இடம்: இறுகிய தரை, சின்னச் சின்னச் சரளை, ட்ராக் பிடிக்கும், திரும்பும்போது வழுக்கியும் கொடுக்கும். சிமெண்ட் மொட்டைமாடி இதைவிடக் கடினமான தேர்வு. வழுக்காததால் திரும்ப இரட்டிப்பு இழுவை வேண்டும். சித்திரை, வைகாசி மத்தியான வெயிலில் மாடியில் ஓட்டாதீர்கள். கறுத்த பிளாஸ்டிக் உடம்பு கொதிக்கும், உள்ளே பேட்டரி வேகும். ஓட்டி முடித்ததும் சார்ஜில் போடாமல் பேட்டரி கைச்சூட்டுக்கு ஆறும்வரை காத்திருங்கள்.

வைகை மணல் பார்க்கப் பாலைவனப் போர்க்களம்போலத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பருமணல் ஸ்ப்ராக்கெட் பல்லில் ஏறி ட்ராக்கை வெளியே தள்ளும், புஷ்ஷில் புகுந்து அரைக்கும். ஓட்டியே தீரவேண்டுமென்றால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் வெளிவரும் இடத்தில் மெல்லிய ஃபெல்ட் வளையம் போட்டு, வீட்டுக்கு வந்ததும் ட்ராக்கைக் கழற்றி பிரஷ்ஷால் தட்டுங்கள். திருமங்கலம், உசிலம்பட்டிக் கரிசலில் காய்ந்த காலத்தில் ஓட்டலாம், வெடிப்பு ஒவ்வொன்றும் பதுங்குகுழி அளவு இருக்கும், தாண்டவைப்பது தனி வேடிக்கை. நாலு தூறல் விழுந்துவிட்டால் அங்கே டேங்கை இறக்காதீர்கள்: பத்தடி போவதற்குள் தரைச்சக்கரங்களின் இடையெல்லாம் களி அப்பி, காயும்போது செங்கல்லாகிவிடும். அப்படி மாட்டிக்கொண்டால் குச்சியால் நோண்டாமல், ட்ராக்கையும் சக்கரத்தையும் கழற்றி ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் தானே கரைந்து விழும்.